கடைசி நாள் வேலை: வீட்டு ஒயரிங் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். காரிமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் கீழ்த்தளம் மட்டும் வீடு கட்டியிருக்கிறோம். எங்கள் மேஸ்திரி கூட்டி வந்த ஒருவர்தான் ஒயரிங் செய்தார். பேசியது 75 ஆயிரம், 60 ஆயிரம் கொடுத்துவிட்டோம். லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக கரண்டை வீட்டு இணைப்பாக மாற்றப் போனால், ஒயரிங் முடித்த டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும் என்கிறார்கள் மின்வாரிய அலுவலகத்தில். அவருடைய போன் இரண்டு மாதமாக சுவிட்ச் ஆஃப். பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். வேறு இரண்டு பேரைக் கேட்டோம். ‘இன்னொருத்தர் செஞ்ச வேலைக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்’ என்றுவிட்டார்கள். ஒருவர் மட்டும், வீட்டுக்கு வரத் தேவையில்லை, ரெண்டாயிரம் கொடுத்தால் பேப்பர் தருகிறேன் என்கிறார். தை பிறந்தால் குடி போக வேண்டும். வாங்கிவிடலாமா?
— வாசகி, காரிமங்கலம் வட்டம்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவர் அந்த வீட்டு ஒயரிங் சரியாக இருக்கிறது என்று எப்படி எழுதுவார்? நாளைக்கு வாஷிங் மெஷினைத் தொட்டுக் குழந்தைக்கு ஷாக் அடித்தால் அந்தத் தாள் என்ன செய்யும்?

மறுத்த இரண்டு பேர் மேல் வருத்தப்படாதீர்கள். சுவருக்குள் குழாயில் கிடக்கிற ஒயரை யார் இழுத்தது, எங்கே ஒட்டுப் போட்டது என்று தெரியாமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறவர்தான் தொழில் தெரிந்தவர். அவர்களிடமே திரும்பப் போங்கள். ‘கையெழுத்து போட்டுக் குடுங்க’ என்று கேட்டிருப்பீர்கள். இந்த முறை, ‘வீட்டுக்கு வந்து முழுசா டெஸ்ட் பண்ணுங்க, தப்பு இருந்தா சரி பண்ணுங்க, அதுக்குக் கூலி தர்றோம். உங்களுக்குத் திருப்தியானா கையெழுத்து போடுங்க’ என்று கேளுங்கள். பெரும்பாலும் வருவார்கள். ரிப்போர்ட் தருகிறவர் ஒயர் இழுத்த அதே ஆளாக இருக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரராக இருக்க வேண்டும், சோதனையைத் தானே நின்று செய்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைக் கொடுப்பது சென்னையில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒயர்மேன் உதவியாளர், ஒயர்மேன், மேற்பார்வையாளர் என்று தனி ஆளுக்குக் கொடுக்கிற தகுதிச் சான்றிதழ் வேறு. வேலையை எடுத்துச் செய்து ரிப்போர்ட் கொடுக்கிற ஒப்பந்ததாரர் உரிமம் வேறு. நம் பக்கம் நல்ல கைவேலைக்காரர்கள் பலரிடம் உதவியாளர் சான்றிதழ்தான் இருக்கும், சிலரிடம் அதுவும் இருக்காது. வேலை முடிந்ததும் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உரிமம் வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி வந்து கொடுப்பார்கள். மேஸ்திரி மூலமாக வந்தவர் என்கிறீர்கள், உங்கள் ஆளும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று தோன்றுகிறது. அப்படியானால் அவர் நாளைக்கே போனை எடுத்தாலும் கையெழுத்து அவரிடம் கிடையாது. அதனால் அவரைத் தேடி இன்னும் ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம். புதிதாக வருகிறவரிடம் உரிமத்தின் அசலைக் கேட்டு, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். முறையாகத் தொழில் செய்கிறவர் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிடுவார்.

‘லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தருவது அந்த வரிதான்.

31 வருஷம் ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பாதியில் காணாமல் போகிற எலெக்ட்ரீஷியன் எல்லா வேலையையும் விட்டுவிட்டுப் போவதில்லை. கடைசி நாள் வேலையைத்தான் விட்டுவிட்டுப் போவார். எர்த்தைச் சேர்ப்பது (கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் ஒயர்), திருகுகளை இன்னொரு தரம் முடுக்குவது, எந்த எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுவது, ஒயரின் மேலுறை வழியாகக் கரண்ட் கசிகிறதா என்று மெக்கர் கருவியை வைத்துப் பார்ப்பது, எல்லாம் அந்த ஒரு நாளில்தான் வரும். அது நடக்காவிட்டாலும் லைட் எரியும். வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது.

பர்கூரில் என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குடிபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மிக்ஸியைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்குதுண்ணா என்றாள். போய் ஒவ்வொரு சுவிட்ச் போர்டாகக் கழற்றினேன். எல்லாப் போர்டிலும் பச்சை ஒயர், அதாவது எர்த் ஒயர், அழகாக வந்து, சாக்கெட்டின் மேல் துளையில் திருகி இருந்தது. குறை சொல்ல முடியாத கைவேலை. வெளியே போய் எர்த் குழியின் சிமெண்ட் மூடியைத் தூக்கினேன். குழாய் இருந்தது, கரி இருந்தது, உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. குழாய்த் தலையில் ஒயரே இல்லை. உள்ளே வந்து, எம்.சி.பி.கள் இருக்கிற டி.பி. பெட்டியின் பின்பக்கத்தைப் பிரித்தேன். வீட்டிலிருக்கிற பச்சை ஒயர் அத்தனையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, பெட்டிக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தது. பெட்டிக்கும் குழிக்கும் நடுவில் எட்டடி தூரம். அந்த எட்டடி ஒயரை மட்டும் யாரும் இழுக்கவில்லை. எட்டு மாதமும் அந்த வீட்டில் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அதைவிட மோசம், எல்லாப் பச்சை ஒயரும் ஒன்றாகக் கட்டியிருந்ததால், மிக்ஸியில் கசிந்த கரண்ட் ஃப்ரிட்ஜ் உடம்புக்கும் கிரைண்டர் உடம்புக்கும் போய் உட்கார்ந்திருந்தது. பழுது ஒன்றில், ஆபத்து எல்லாவற்றிலும். அன்று மாலை அந்த எட்டடியை நானே இழுத்துவிட்டுத்தான் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன்.

உங்கள் வீட்டில் டெஸ்ட் நடக்கும்போது நீங்களும் கூடவே நில்லுங்கள். முதலில் மெக்கர். மெயினை அணைத்து, பல்புகளைக் கழற்றி, எல்.இ.டி. விளக்கு, எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அந்தக் கருவி ஒயரில் 500 வோல்ட் ஏற்றிப் பார்க்கும், மாட்டியிருந்தால் அவை போய்விடும். ஒரு நிமிடம் பிடித்திருந்து அளக்கும்போது குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். நல்ல புது ஒயர் அதைவிடப் பல மடங்கு காட்டும். உங்களுடையது புது வீடு, ஐப்பசி கார்த்திகை மழையில் பூச்சு காயாமல் குழாய்க்குள் ஈரம் இருந்தால் அளவு இறங்கும். அப்படி வந்தால் சுவரை உடைக்கச் சொல்லி யாரும் பயமுறுத்த விடாதீர்கள். பத்துப் பதினைந்து நாள் ஜன்னலைத் திறந்து போட்டுக் காயவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். காய்ந்த பிறகும் ஒரு லைன் மட்டும் இறங்கியே இருந்தால் அந்தக் குழாயில்தான் கோளாறு. அதை மட்டும் உருவிப் புது ஒயர் இழுத்தால் போதும்.

அடுத்தது ஒவ்வொரு சாக்கெட்டிலும் பேஸ் (கரண்ட் வருகிற ஒயர்), நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) இடம் மாறாமல் இருக்கிறதா, பச்சை ஒயர் எர்த் குழி வரை அறுபடாமல் போகிறதா என்று பார்ப்பது. ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் என்ன ஒயர் வந்திருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். லைட்டுக்கு ஒன்றரை, பவர் பாயிண்டுக்கு இரண்டரை, ஏ.சி. ஹீட்டருக்கு நான்கு ஸ்கொயர் எம்.எம். என்பது வழக்கம். ஒயர் மெலிசாக இருந்து எம்.சி.பி. மட்டும் பெரிதாக இருந்தால், எம்.சி.பி. விழுவதற்கு முன்னால் ஒயர் சூடாகி உருகும்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. இரண்டரை மீட்டர் குழாயை முழுசாக இறக்க முடியாமல் பாதியை வெட்டிப் புதைத்துவிட்டு மூடியைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. குழாயைப் புதைக்கும்போது நீங்கள் பார்த்தீர்களா, எவ்வளவு ஆழம் போனது என்று கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட் பல்பைப் பிடித்து, ‘பாருங்க, பளிச்சுன்னு எரியுது, எர்த் நல்லா இருக்குது’ என்று காட்டுவார்கள். அதை நம்பாதீர்கள். கணக்கு இதுதான்: நூறு வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த் தடை 50 ஓம் இருந்தாலும் அந்தப் பல்பு கிட்டத்தட்ட முழு வெளிச்சத்தோடு எரியும். ஆனால் அதே 50 ஓம் எர்த்தில் ஒரு பேஸ் ஒயர் ஃப்ரிட்ஜ் உடம்பில் முழுசாகத் தட்டினால், 230 வோல்ட்டை 50-ஆல் வகுத்தால், ஓடப்போவது 4.6 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் எம்.சி.பி.கூட விழாது. ஃப்ரிட்ஜ் அப்படியே கரண்டோடு நிற்கும்.

அதனால் எர்த் டெஸ்டர் கொண்டு அளக்கிறவரைத்தான் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. வராவிட்டால் முதல் குழியிலிருந்து குழாய் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைக்கலாம். குளியலறைத் தண்ணீர் போகிற பக்கமாகக் குழி அமைந்தால் ஈரம் நிற்கும். சித்திரை வைகாசியில் வாரம் இரண்டு குடம் ஊற்றுங்கள், இங்கே வெயில் காலத்தில் குழி காய்ந்து தடை ஏறிவிடும். இவ்வளவு செய்த பிறகும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே விழுகிற சுவிட்ச்) இல்லாமல் குடிபோக வேண்டாம். பாறை நிலத்தில் எம்.சி.பி. கைவிடுகிற இடத்தில் உயிரைப் பிடிப்பது அதுதான். மாட்டியதும் சில வீடுகளில் நிற்காமல் விழும். ஆர்.சி.சி.பி. வழியாக வருகிற நியூட்ரலை அதன் வழியாக வராத நியூட்ரலோடு கலந்து கட்டியிருந்தாலும் அப்படி விழும். ‘தொந்தரவுங்க, எடுத்துடலாம்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கலந்ததைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

போனவர் வரைபடம் எதுவும் விட்டுப் போயிருக்க மாட்டார். டெஸ்ட் செய்யும்போதே எந்த எம்.சி.பி.யில் எந்தப் பாயிண்ட் இருக்கிறது என்று டெஸ்ட் செய்கிறவர் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு நோட்டில் எழுதி, டி.பி. கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். அந்த ஒரு தாள் இருந்தால் பத்து வருஷம் கழித்து வருகிற எலெக்ட்ரீஷியனும் உங்களை வாழ்த்துவார்.

பணத்துக்கு வருகிறேன். உங்களிடம் மிச்சமிருக்கிற 15 ஆயிரத்தை யார் மூலமாகவும் போனவருக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். புது ஆள் கை வைப்பதற்கு முன்னால் எல்லாப் போர்டையும் திறந்தபடி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஊர் முகவரிக்கு, இத்தனை தேதிக்குள் வந்து முடித்துத் தராவிட்டால் வேறு ஆளை வைத்து முடித்து அந்தச் செலவைக் கழித்துக்கொள்வோம் என்று ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அனுப்பிய தேதி நிற்கும். புது ஆளிடம் ரசீது வாங்குங்கள். பெரும்பாலும் அந்த 15 ஆயிரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். முடியாமல் பெரிய நஷ்டமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர் பெங்களூரில் இருக்கிறார் என்பது தடையில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

ரிப்போர்ட் கொடுத்த பிறகும் மின்வாரிய அலுவலகத்தில் ஏதாவது காரணம் சொல்லி இழுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. வீட்டு இணைப்பாக மாறினால்தான் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும், அதனால் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தை முதல் வாரத்துக்குள் எர்த் அளவு வராவிட்டால் பால் காய்ச்சிவிட்டு வாருங்கள், குடிபோவதை மாசிக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: அரூரில் எங்கள் அப்பா 1986-ல் கட்டிய ஓட்டு வீடு. மர ரீப்பரில் ஒயரிங். ஒயரிங் செய்தவர் காலமாகிவிட்டார். மேலே ஒரு மாடி எடுத்து லோடு கூட்ட விண்ணப்பிக்கிறோம். பழைய ஒயரிங்குக்கு யாரிடம் சான்று வாங்குவது?
— வாசகர், அரூர்

பதில்: அந்த ஒயரிங்குக்குச் சான்று கேட்டு அலையாதீர்கள் தம்பி, அதை எடுத்துவிடுங்கள். நாற்பது வருஷ ஒயரின் மேலுறை ஓட்டுச் சூட்டில் காய்ந்து, வளைத்தால் பொடியாக உதிரும். உங்கள் வீட்டில் சுவிட்ச் போர்டைத் திறந்து ஒரு ஒயரை மெல்ல அசைக்கச் சொல்லிப் பாருங்கள், மெயின் அணைத்த பிறகு. பெரும்பாலான பழைய வீடுகளில் லைட் பாயிண்டுக்கு எர்த் ஒயரே ஓடியிருக்காது. மாடி கட்டும் செலவோடு சேர்த்துக் கீழேயும் புதிதாக இழுத்துவிட்டால் ஒரே ரிப்போர்ட்டில் எல்லாம் முடிந்துவிடும்.

கேள்வி: ஐயா, போன மாதம் இந்தப் பகுதியில் எலெக்ட்ரீஷியன் போன் எடுக்காதது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நானும் அப்படிப் போன் எடுக்காத ஒரு ஆள்தான். பென்னாகரம் பக்கம். ஐ.டி.ஐ. முடித்தவன். ஒரு வீட்டில் லைட், ஃபேன், சாக்கெட் எல்லாம் சேர்த்து 42 பாயிண்ட் என்று பேசினோம், கடைசியில் 61 ஆகிவிட்டது. கூடுதல் பாயிண்டுக்குப் பணம் கேட்டால் ‘எல்லாம் சேர்த்துத்தானே பேசினோம்’ என்கிறார் வீட்டுக்காரர். கடனாகிவிட்டது, பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்ட் வேலைக்கு வந்துவிட்டேன். அவர் தினமும் திட்டி மெசேஜ் போடுகிறார். ராத்திரி தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்?
— வாசகர், பெங்களூரிலிருந்து

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதே பெரிய விஷயம். 61 பாயிண்ட் அடித்துவிட்டு 42-க்குக் கூலி வாங்குவது அநியாயம், அதை நான் மறுக்கவில்லை. இனிமேல் எங்கே வேலை எடுத்தாலும் பாயிண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கூட்டும்போதெல்லாம் அதே தாளில் ஒரு வரி சேருங்கள். வாய்ப்பேச்சில் எடுத்த வேலையில் நஷ்டப்படுவது எப்போதும் வேலைக்காரன்தான், என்னிடம் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படி அழுதிருக்கிறார்கள்.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த வீட்டில் எர்த்தைச் சேர்த்துவிட்டுத்தான் வந்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சேர்க்கவில்லை என்றால் இன்றைக்கே அவருக்கு மெசேஜ் போடுங்கள். கணக்கு வழக்கு எதையும் அதில் எழுத வேண்டாம். ‘எர்த் இன்னும் சேர்க்கலை, சேர்க்கிற வரைக்கும் ஹீட்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் போடாதீங்க’ என்று மட்டும் எழுதுங்கள். கூலித் தகராறு உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். குளிக்கப் போகிற பிள்ளைக்கு அதில் சம்பந்தமில்லை.

அடுத்து, எந்தக் குழாய் எந்தச் சுவரில் போகிறது, ஒட்டுப் பெட்டி எங்கே, பூச்சுக்குள் மூடிவிட்ட பெட்டி ஏதாவது உண்டா என்று உங்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது. ஞாபகம் மங்குவதற்குள் ஒரு தாளில் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. அறை அறையாகக் கோடு போட்டு, பூஜை அறைச் சுவரில் தரையிலிருந்து நாலடி, சமையல் மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டி என்று எழுதினால் போதும். போட்டோ எடுத்து அனுப்புங்கள். வேறு ஒருவர் வந்து டெஸ்ட் செய்து கையெழுத்துப் போடுவதற்கு அந்தத் தாள் இருந்தால் சுவர் உடைக்காமல் முடியும்.

கூடுதல் 19 பாயிண்டுக்கான கணக்கை அதற்கு அடுத்த வாரம் தனியாக அனுப்புங்கள். எந்த அறையில் எத்தனை, ஒன்றுக்கு எவ்வளவு, வாங்கியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதி. வரைபடம் முதலில் போகட்டும்.